தோல் இருந்தால்தான் சாப்பிடுவாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்காகத் தள்ளிப் போட்டேன். எட்டாவதோடு நின்றவள் நான். ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் வாசகம் வாசிப்பதோடு சரி, நாலு வரி சேர்த்து எழுதிப் பழக்கமில்லை. அதுவும் இது என் கதை இல்லை, இன்னொரு பெண்ணின் துக்கம். அதை எடுத்துத் தெருவில் வைக்க நமக்கு என்ன உரிமை என்று மனசு அடித்துக்கொள்ளும். பேனாவை எடுப்பேன், ஒரு அருள் நிறைந்த மரியே சொல்வேன், மூடி வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். இந்தத் தவக்காலத்தில்தான் துணிந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயணம் என்றால் ஜனங்கள் வெளிநாட்டைப் பற்றி எழுதுவார்கள். நானும் வெளிநாடு போனவள்தான். ஓமான் நாட்டின் தெற்குக் கோடியில் சலாலா என்ற ஊரில், ஒரு அரபு வீட்டில், பிள்ளைகள் படிப்புக்காகப் பல வருஷம் சமையல் வேலை பார்த்தேன். ஆனால் நான் சொல்லப்போவது அந்தப் பயணம் இல்லை. வரதராஜன்பேட்டைப் பக்கத்து எங்கள் முந்திரிக் காட்டிலிருந்து பெரம்பலூருக்கும், அங்கிருந்து அரியலூருக்கும் நம்ம பஸ்ஸில் போய் வந்த பயணம். எனக்கு அது உள்ளூர். கூட வந்தவளுக்குத்தான் வெளிநாடு.

முந்திரிக்கொட்டை எடுக்க வரும் வியாபாரியிடம் ரபீக் என்று ஒரு பையன் வேலை பார்த்தான். பெரம்பலூர்க்காரன். முப்பது வயசு இருக்கும். ஒருநாள் மூட்டை ஏற்றிவிட்டுப் போகாமல் நின்றான்.

"அக்கா, நீங்க சலாலாவுல இருந்தவங்கதானே?"

"ஆமாம்பா. ஏன்?"

"அரபி மறந்துட்டீங்களா?"

"சமையக்கட்டு அரபி எங்க மறக்கும்? வெங்காயம் கொண்டா, கதவச் சாத்து, சீக்கிரம் வா. அதுதான் எனக்குத் தெரிஞ்சது."

அவன் சிரிக்கவில்லை. மூட்டை மேலேயே உட்கார்ந்து சொன்னான். அவனும் சலாலாவில் ஒரு ரொட்டிக் கடையில் இருந்தவன். கூட வேலை பார்த்த ஏமன் நாட்டுக்காரனின் தங்கச்சியைக் கட்டிக்கொண்டான். பேர் ஹனான். அவங்க நாட்டில் சண்டை, திரும்பிப் போக வழியில்லை என்று இங்கே கூட்டி வந்துவிட்டான். ஏழாம் மாசத்தில் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது.

"அன்னிக்கி செவுத்தப் பாத்துப் படுத்தவதான்க்கா. என்கூட பேச்சே இல்ல. தலை வாரிக்க மாட்டா. குளிக்க மாட்டா. பெரம்பலூர்ல காட்டுனோம், மாத்திரை குடுத்தாங்க, கேக்கல. அரியலூர்ல ஒரு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். அவங்க என்னைத் திட்டி அனுப்பிட்டாங்க."

"எதுக்குத் திட்டணும்?"

"அவகிட்ட கேட்ட கேள்விக்கெல்லாம் நீயே பதில் சொல்றேன்னு. அரபி தெரிஞ்ச பொம்பளையா ஒருத்தரக் கூட்டிட்டு வா, அப்பதான் பாப்பேன்னுட்டாங்க."

வீட்டுக்காரரிடம் கேட்டேன். கொட்டை உடைக்கிற சீசன், ஆள் கிடைக்காத நேரம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "போயிட்டு வா. சலாலாவுல நீ அழுதப்ப உன்கிட்ட தமிழ்ல பேச யாராச்சும் இருந்தாங்களா?" என்றார். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் கிளம்பினேன். அரியலூர்ப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும், முன்னால் எப்போதும் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி போகும், அதற்கு முன்னால் இன்னொன்று. அன்றைக்கு ஒரு லாரி ரோட்டுக்குக் குறுக்கே படுத்துக் கிடந்தது. லாரிக்காரருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு ஸ்கூட்டி நசுங்கி ஓரமாகக் கிடந்தது, அதை எல்லோரும் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "இந்த ரோட்டுல காலைல போற மனுசன் சாயங்காலம் வூடு திரும்புனாத்தான் நெசம்" என்றாள். கண்டக்டர், "ஏன் பாட்டி, நம்ம பஸ்ஸுல வந்துட்டு இப்படிப் பேசுறீங்க" என்றான். ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். அரியலூர் தாண்டி மக்காச்சோளக் காடு வர ஆரம்பித்த பிறகுதான் மூச்சு வந்தது.

ரபீக்கின் அம்மாவைத் தெருவில் எல்லோரும் பீவிம்மா என்பார்கள். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதானா அரபி தெரிஞ்சவ? உள்ள வா தாயி. என் மருமவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லு. நான் என்ன குறை வச்சேன்? ஆக்கிப் போடுறேன், துணி துவைச்சுப் போடுறேன். தட்டு அப்படியே திரும்பி வருது."

உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முதுகெலும்பு நைட்டிக்கு மேலே தெரிந்தது. அவ்வளவு மெலிவு. சலாம் சொன்னேன். பிறகு எனக்குத் தெரிந்த அரபியில், "மகளே, எழுந்திரு, உட்கார்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து முகம் திரும்பியது. அவள் பேசியதெல்லாம் அரபி. எனக்கு விளங்கின மட்டில் இங்கே தமிழில் தருகிறேன்.

"நீ பேசுறது எங்க பக்கத்து வீட்டு வேலைக்காரி பேசுற மாதிரி இருக்கு."

"நான் பக்கத்து வீட்டு வேலைக்காரிதான்."

உதடு கொஞ்சம் விரிந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. என் மூத்த பையன் பேரைக் கேட்டாள். ஜோசப் என்றேன். அவங்க பேச்சில் அது யூசுப். அங்கே பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பேரை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். அன்றிலிருந்து நான் அவளுக்கு உம்மு யூசுப், யூசுப்பின் தாய். "உன்னை எப்படிம்மா கூப்பிடறது?" என்று நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன். "உம்மு சாலிம்னு கூப்பிட்டிருப்பாங்க" என்றாள். திரும்பவும் சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

பொழுது சாய்ந்ததும் பீவிம்மா நெய்ச்சோறும் கறியும் வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு ருசி. ஹனானுக்குத் தனித் தட்டில் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். தொடவில்லை. தலையணைக்குப் பின்னாலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்தாள், தோலை உரித்துச் சாப்பிட்டாள். ஓடு உரிக்காத அவித்த முட்டை ஒன்று வைத்திருந்தாள், அதையும் தானே உரித்தாள்.

எனக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. சலாலா பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ரோட்டோரம் பூராவும் கடை கடையாக வாழைப்பழமும் இளநீரும் தொங்கும், நம்ம ஊர் மாதிரியே. வெளியே வந்து ரபீக்கிடம் சொன்னேன்: "ஊர் நெனப்புப்பா அது. வாழைப்பழம் சலாலாப் பழக்கம். நாளைக்கு இளநி வாங்கிக் குடு, பாரு." அவன் முகம் தெளிந்தது. பீவிம்மாகூட, "அப்படியா சங்கதி, நாக்குக்குத்தான் ஏங்குதா பொண்ணு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டில் அன்றைக்கு எல்லோரும் நிம்மதியாகப் படுத்தோம். எனக்கு ஊர் தெரியும் என்ற பெருமை வேறு.

அடுத்த நாள் பெரம்பலூரிலேயே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அரியலூர் டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை எடுத்து வரச் சொல்லியிருந்தார். ஊசி குத்தும்போது ஹனான் கையை நீட்டியபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸுக்கு இவளை ஏற்கெனவே தெரிந்திருந்தது. "இந்த அரபுக்கார அக்காவா? நெஞ்ச நெஞ்சக் காட்டுவாங்க. வர்றப்பல்லாம் ஈசிஜி எடுத்தோம். ஹார்ட் நல்லாருக்கு, குதிரை மாதிரி ஓடுது" என்றாள். நெஞ்சில் என்ன செய்கிறது என்று நான் ஹனானிடம் கேட்டேன். "யாரோ மேலே உட்கார்ந்திருக்கிற மாதிரி. எழுந்து போ என்றாலும் போகவில்லை" என்றாள். நர்ஸிடம் சொன்னேன். "எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லும், எங்க அப்பா செத்த பிறகு" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த ஆளைக் கூப்பிட்டது.

கேன்டீனில் எல்லோருக்கும் டீ சொன்னான் ரபீக். ஹனான் தன் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். வீணாக்க வேண்டாம் என்று இரண்டையும் நானே குடித்தேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், கொஞ்சம் பொறுத்து, "உம்மு யூசுப், தூக்கம் வருதா?" என்று கேட்டாள். முந்தின நாள் அலைச்சலை நினைத்துக் கேட்கிறாள், என்ன பரிவு என்று நினைத்தேன். "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு அம்மா மக்காச்சோளக் கதிர் அவித்து விற்றது. ஹனான் மேல் மட்டை உரிக்காத கதிராகப் பார்த்து எடுத்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பி, மோந்து, கீழே வைத்து, வேறு எடுத்தாள். விற்கிற அம்மா என்னைப் பார்த்து, "ஏங்க, இந்தப் பொண்ணு என்னமோ நான் வெஷம் வச்சிருக்கிற மாதிரி மோந்து பாக்குது" என்றது. நான் சிரித்து மழுப்பினேன். அதை ஹனானிடம் மொழிபெயர்க்கவில்லை.

மூன்றாம் நாள் அரியலூர் கிளம்பினோம். பாதி வழியில் பஸ் டயர் போய்விட்டது. இறங்கி ஒரு வேலிக்கருவை நிழலில் நின்றோம். எதிரே சுண்ணாம்புச் சுரங்கம். மரம், செடி, மைல்கல் எல்லாவற்றின் மேலும் வெள்ளையாகத் தூசி. ஹனான் ஒரு இலையைத் தடவி விரலைப் பார்த்தாள். "இந்த மரமெல்லாம் ரொட்டிக் கடையில் வேலை பார்க்குதா?" என்றாள். ரபீக் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டான். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவன் காதில் விழுந்த அவள் வேடிக்கைப் பேச்சு அது. உடனே ஓடிப் போய்ப் பக்கத்திலிருந்த வண்டியில் இளநீர் வெட்டி, ஸ்ட்ரா போட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தான்.

அவள் வாங்கவில்லை.

அவன் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவனைத் தாண்டி வண்டிக்குப் போனாள். குலையில் ஒரு காயைக் காட்டினாள். கடைக்காரர் வெட்டும்போது அரிவாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். வெட்டினதும் அவர் கையிலிருந்து நேரே வாங்கி, திரும்பி நின்று குடித்தாள். ஊர் நினைப்பு என்றால் அதுவும் இளநீர், இதுவும் இளநீர்தானே? எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது.

ரபீக் டயர் மாட்டுகிற பக்கம் போனதும் கேட்டேன். "ஹனான், ஏம்மா அதை வாங்கல?"

"அது திறந்திருந்தது."

பிறகு மெதுவாகச் சொன்னாள். பெரம்பலூரில் குடுத்த மாத்திரையை ரத்தம் ஊறுவதற்கு என்று சொல்லித்தான் ரபீக் குடுத்திருக்கிறான். சில நாள் போட்டாள். விடிகாலைத் தொழுகைக்கு எழ முடியவில்லை, அடித்துப் போட்ட மாதிரி தூக்கம். அதனால் நிறுத்திவிட்டாள்.

"நிறுத்தின பிறகும் எழ முடியல. தொழுகைக்குப் பாங்கு சொல்றதே காதுல விழல. என் ஈமான், அல்லாஹ் மேல உள்ள நம்பிக்கை போயிடுச்சுன்னு நினைச்சேன், உம்மு யூசுப். பிள்ளையை எடுத்துக்கிட்ட அல்லாஹ், தொழுகையையும் எடுத்துக்கிட்டான்னு நினைச்சேன். ஒருநாள் ராத்திரி இவங்க குடுக்கிற டீ பிடிக்காம குளியலறையில் ஊத்திட்டேன். அடுத்த நாள் விடியக்காலை பாங்கு கேட்டுச்சு."

அதற்குப் பிறகு தோலோ ஓடோ இல்லாத எதையும் அவள் வாயில் வைக்கவில்லை.

நான் கழுத்திலிருந்த மாதா சுரூபப் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபம் வரவில்லை. சாப்பிடாமல் கிடப்பதுதான் நோய் என்று அத்தனை பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அதை முற்ற வைத்தது அவளுக்குத் தெரியாமல் டீயில் கலந்த அந்த மருந்துதான்.

"இதை டாக்டர்கிட்ட சொல்லணும்மா. ஆனா நீ சொல்லாம நான் சொல்ல மாட்டேன்."

டயர் மாட்டி முடிகிற வரைக்கும் யோசித்தாள். பஸ்ஸில் ஏறும்போது, "நான் சொல்றேன். நீ என் பேச்சைத் தூக்கிக்கிட்டு மட்டும் வா. நடுவில் இறக்கி வைக்காதே" என்றாள்.

டாக்டரம்மா அறையில் ஃபேன் கட கட என்று அடித்துக்கொண்டிருந்தது. வெளியே நிறைய கூட்டம். அவர் ரபீக்கை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "தூக்கம் எப்படி, பசி எப்படி, கேளுங்க" என்று மடமடவென ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா, ஒண்ணு ஒண்ணாக் குடுங்க. என் அரபி சின்னக் கூடை. மொத்தமாக் கொட்டினா சிந்திடும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அதிலிருந்து நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஹனான் டீ விஷயத்தைச் சொன்னாள், நான் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"இவங்களுக்கு இருக்கிறது மனச்சோர்வு நோய். அதைச் சொல்லுங்க."

எனக்கு அதற்கு அரபி தெரியவில்லை. சமையலறையில் அந்த வார்த்தையை யார் சொல்லப் போகிறார்கள்? சுற்றி வளைத்துச் சொன்னேன். மனசு களைத்துவிடும், எதிலும் ருசி இருக்காது, கை கால் கனக்கும், அது பாவமும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை, ஒரு நோய். அவள் நிமிர்ந்து பார்த்து, "இக்தியாப்" என்றாள். பள்ளிக்கூடத்தில் படித்த வார்த்தையாம். "எனக்கு இருக்கிறது அதுவா? ரத்தம் இல்லைன்னுதானே சொன்னாங்க?" தன் நோயின் பெயர் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் அவளே சொல்லித்தான்.

அடுத்து டாக்டரம்மா, "உயிரை விடணும்னு தோணுதான்னு கேளுங்க" என்றார். நான் வாய் திறக்கவில்லை. எங்களில் அந்தப் பேச்சை எடுப்பதே பாவம், அவங்களிலும் அப்படித்தான். "கேக்கிறதால அந்த நெனப்பு வந்துடாதும்மா. நேராக் கேளுங்க." கேட்டேன். ஹனான் கோபித்துக்கொள்ளவில்லை. "சாக நினைக்கல. சாலிம் எங்கே இருக்கானோ அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வரணும்னு நினைச்சேன்" என்றாள். இதை நான் இரண்டு தடவையாகத் தமிழில் சொல்லி முடித்தேன். டாக்டரம்மா தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

பிறகு என்ன என்ன செய்யலாம் என்று சொன்னார். வேறு மாத்திரை இருக்கிறது, அவ்வளவு தூக்கம் வராது, ஆனால் முதலில் குமட்டலாம், பலன் தெரியச் சில வாரம் ஆகும். பேசித் தீர்க்கிற சிகிச்சையும் இருக்கிறது, ஆனால் அரபியில் பேச இங்கே ஆள் இல்லை, நான் கூட வந்தால்தான் உண்டு. இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கலாம். மருந்தே வேண்டாம் என்றும் சொல்லலாம், அது சரிப்படாது என்பது தன் அபிப்பிராயம். கடைசியில் என்னைப் பார்க்காமல் ஹனானைப் பார்த்து, தமிழிலேயே, "உனக்கு எது சரின்னு படுதும்மா?" என்றார்.

நான் சொன்னதை ஹனான் இரண்டாம் தரம் சொல்லச் சொன்னாள். தன்னைத்தான் கேட்கிறார்களா என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"நான் வேண்டாம்னு சொன்னா, திரும்பவும் கலப்பாங்களா?"

டாக்டரம்மா ரபீக்கை உள்ளே கூப்பிட்டு டீயைப் பற்றிக் கேட்டார். அவன் மறைக்கவில்லை.

"நல்லதுக்குத்தானே செஞ்சோம் டாக்டர். சாப்பிடாத பிள்ளைக்கு வெல்லத்துல வச்சுக் குடுக்கிறதில்லையா? எங்க பெரியம்மா மவனுக்கு வருசக்கணக்கா மாத்திரை தோசை மாவுலதான் போவுது. அவன் வேலைக்கே போறான்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா தோசை தின்பானா?"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா, "உன் சம்சாரம் சோத்துக்குப் பயந்து கெடக்கு ரபீக். இப்படியே போனா நான் எந்த மாத்திரை எழுதியும் பிரயோசனம் இல்ல" என்றார். அவன் ஹனானைப் பார்த்து அரபியில் ஏதோ சொல்ல ஆரம்பித்து, முடிக்காமல் முகத்தை மூடிக்கொண்டான்.

ஹனான் என் முழங்கையைத் தொட்டுச் சொன்னாள். "புது மாத்திரை போடுறேன். அட்டை என்கிட்ட இருக்கணும். வாரம் ஒருதடவை உம்மு யூசுப்போட வந்து பேசுறேன். எங்க அம்மாகிட்ட பேச ஃபோனைத் திரும்பக் குடுக்கணும். எனக்கு ஒரு அடுப்பு வேணும், நானே பொங்கிக்கிறேன்."

அழுகிறாள் என்று ஃபோனையும் பிடுங்கி வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் ரபீக் தலையாட்டினான். அடுப்புக்கு மட்டும் தலை நின்றது. "அது முடியாதுக்கா. ஒரு வூட்டுல ரெண்டு அடுப்புன்னா பாகம் பிரிஞ்ச மாதிரி. எங்கம்மா உசுர விட்டுரும்." டாக்டரம்மா, "அந்த மாத்திரைய நான் எழுத முடியாது, உங்க வூட்டுல பேசுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

பெரம்பலூர் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் பீவிம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான் வெஷம் வச்சனா? ஊரு சிரிக்கவா தனி அடுப்பு கேக்குறா?" நான் இவர் அழுகையை அவளுக்கும் அவள் பேச்சை இவருக்குமாகத் தூக்கிக்கொண்டு அறைக்கும் கூடத்துக்கும் நடந்தேன். கடைசியில் ஹனானே எழுந்து வந்தாள். கல்யாணத்தில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு, சஹன் என்பார்கள், பரண்மேல் இருந்தது. அவங்க நாட்டிலும் அப்படித்தான் சாப்பிடுவார்கள். அதைக் காட்டினாள்.

"அடுப்பு ஒண்ணே இருக்கட்டும். தட்டும் ஒண்ணா இருக்கட்டும். இவங்க எடுக்கிற இடத்திலேயே நானும் எடுக்கிறேன்."

பீவிம்மா முந்தானையால் மூக்கைச் சிந்திவிட்டு, "அதுக்கென்ன, சாப்பிட்டாப் போச்சு" என்றார். அன்றைக்கு மூன்று பெண்களும் ஒரே தட்டில் கை வைத்தோம். ஹனான் ரொம்ப நேரம் எங்கள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வாய் எடுத்தாள். விழுங்க அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. இரண்டாவது வாயும் எடுத்தாள்.

இங்கே நிறுத்தினால் நல்ல கதை. எனக்கும் இங்கேயே நிறுத்தத்தான் ஆசை.

வாரா வாரம் போனோம். ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். அவள் தலை வாரினாள், அம்மாவிடம் பேசினாள், சில நாள் வாசல்வரைக்கும் வந்தாள். குமட்டல் தாங்கவில்லை என்று அவள் சொன்னபோது டாக்டரம்மா அளவைக் குறைத்தார். நோன்பு மாசம் வந்தபோது மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள். அவளை ஒரு ஆளாக மதித்துக் கேட்டதே பாதி மருந்து என்று நான் நினைத்தேன்.

ஆனால் நோன்புக் கஞ்சியைத் தட்டில் ஊற்றிச் சாப்பிட முடியாது. கோப்பைதான், ஆளுக்கு ஒன்று. பீவிம்மாவுக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்திருக்கிறது. அட்டை அவள் கையில், போட்டாளா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? பழைய மாத்திரை மிச்சம் இருந்தது. நோன்பு திறக்கும் கோப்பையில் பொடித்துப் போட்டுவிட்டார். அவள் தன் மாத்திரையையும் போட்டிருந்தாள். விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பியும் எழவில்லை, பொழுது விடிந்து எழுந்தவள் குளியலறையில் விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்டாள்.

நான் போனபோது தையல் போட்டுப் படுத்திருந்தாள். ரபீக் அவன் அம்மாவோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். இந்தத் தடவை அவனுக்குத் தெரியாது, அதை நான் நம்புகிறேன். பீவிம்மா என் தோளில் சாய்ந்து, "அவ செத்துக் கித்துப் போயிட்டா என் மவன் என்னாவான் தாயி? அந்தப் பயத்துலதான் செஞ்சேன்" என்றார். அதுவும் பொய் இல்லை. நான் யாரைத் திட்டுவது?

ஹனான் திட்டவில்லை. "நோன்பு திறக்கிற கஞ்சியில" என்று மட்டும் சொன்னாள். சலாலாவில் இருக்கிற அண்ணனிடம் போகிறேன் என்றாள். ரபீக்தான் கூட்டிப் போய் விமானம் ஏற்றிவிட்டான். கல்யாணம் முறியவில்லை. சேர்ந்தும் இல்லை. அங்கே அவள் மொழியில் பேசுகிற டாக்டர் கிடைத்திருக்கிறார். சில மாசம் நன்றாக இருக்கிறாள். சில மாசம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாள். ஃபோனில் குரல் அனுப்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும்.

போன திருவிழாவில் தேர் பார்க்க நின்றபோது பக்கத்தில் ஒருவர் தன் கூட்டாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "பெரம்பலூர்ல ஒரு அரபுப் பொண்ணு புத்தி பேதலிச்சுக் கிடந்துச்சாம். டீயில மாத்திரை கலந்து குடுத்தே எழுப்பிட்டாங்களாம். ஏரோப்பிளேன் ஏறி ஊருக்கே போயிடுச்சாம். அதைக் கேட்டுத்தான் என் பொண்ணுக்கும் பால்ல போட்டுக் குடுக்கிறேன்." எங்கள் பங்கிலேயே இன்னொரு கதை நடக்கிறது, மாதா கோயில் எண்ணெய் தடவி அவள் குணமானாள் என்று. மாதாவின் மேல் எனக்கு விசுவாசம் உண்டு. ஆனால் நடக்காததை அவள் பேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த மனிதரிடம் நடந்ததைச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார். வீட்டுக்கு வந்து ஹனானுக்குக் குரல் அனுப்பினேன், எழுதட்டுமா என்று. நாலைந்து நாள் பதில் இல்லை. பிறகு வந்தது: "எழுது, உம்மு யூசுப். ஆனா என்னைக் குணமாக்கி எழுதாதே." எழுதியதை வரி வரியாக அரபியில் சொல்லிக் காட்டினேன். சிலதை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். பேர்களை மாற்றச் சொன்னாள், மாற்றிவிட்டேன். சாலிம் என்ற பேரை மட்டும் மாற்ற வேண்டாம் என்றாள்.

படிக்கிறவர்கள் நாலு பேருக்கு அனுப்புங்கள். வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிற யாராவது இருந்தால் அவர்களுக்கே வாசித்துக் காட்டுங்கள், அவர்கள் முதுகுக்குப் பின்னால் வாசிக்காதீர்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இருக்கிறபடியே அனுப்புங்கள். கசக்கிறது என்று இதில் எதையும் கலக்காதீர்கள். நல்லதுக்கென்றும் கலக்காதீர்கள்.